கரும்புச் சக்கையும் மின்விளக்கும்



மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று உங்களைக் கேட்டால், மேட்டூர் அணையிலிருந்தும் நெய்வேலிச் சுரங்கத்திலிருந்தும் வருகிறது என்பீர்கள். கயத்தாற்றுக் காற்றாலைகளையும் கமுதியில் பரந்து கிடக்கும் சூரியத் தகடுகளையும் சிலர் சேர்த்துச் சொல்லக்கூடும். இவை யாவும் சரியான விடைகளே. ஆயினும் கள்ளக்குறிச்சி வட்டாரத்து மாணவன் ஒருவன் தன் ஊர் வயலைக் காட்டி, 'இங்கிருந்தும் வரும்' என்று சொன்னால், அதுவும் சரியான விடையே ஆகும். சாறு பிழிந்த கரும்பின் சக்கை, நெல்லின் உமி, நிலக்கடலைத் தோல், பருத்திமார், மணி உதிர்ந்த மக்காச்சோளக் கதிர் ஆகிய எல்லாவற்றிலும் மின்சாரமாக மாறத்தக்க ஆற்றல் அடங்கியிருக்கிறது. இவற்றையெல்லாம் தாவர எரிபொருள் என்ற ஒரே பெயரால் அழைக்கலாம்.

இந்த ஆற்றல் எவ்வாறு மின்சாரமாகிறது? எவ்விடத்தில் அது நாட்டுக்கு நன்மை தரும்? எவ்விடத்தில் தீமையாய் முடியும்? இம்மூன்று வினாக்களுக்கும் 2019ஆம் ஆண்டில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியையும், அதன் மேற்கே நிற்கும் கல்வராயன் மலையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு விடை காண முயல்வோம்.

தாவரத்தின் இலை, கதிரவன் ஒளியை உண்டு வாழ்வது. காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சிய நீரையும் அவ்வொளியின் துணையால் இணைத்து, அது மாவும் சர்க்கரையும் நாரும் ஆக்குகிறது. அந்த நாரை நாம் எரிக்கும்போது, இலை சேர்த்து வைத்த வெயிலே வெப்பமாக வெளிவருகிறது. உண்ட கரியமில வாயுவும் காற்றுக்குத் திரும்புகிறது. அடுத்த போகத்துப் பயிர் அதை மீண்டும் உண்கிறது. ஆகவே கணக்கு நேராகிறது.

நமக்கு அண்மையில் உள்ள நெய்வேலியை எண்ணிப் பாருங்கள். 1962 முதல் அங்கே மின்சாரம் தந்துவரும் பழுப்பு நிலக்கரியும் ஒரு காலத்தில் மரமாக நின்றதே. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னே அம்மரங்கள் உண்ட கரியமில வாயுவை நாம் இன்று ஒருசேரக் காற்றில் கலக்கின்றோம். அதைத் திரும்ப உண்ண அந்தக் காடு இன்று இல்லை. நிலக்கரிக்கும் சக்கைக்கும் உள்ள முதல் வேற்றுமை இதுவே. ஆனால் இந்த நேர்கணக்கு, எரித்த அளவுக்கு மீண்டும் பயிரிட்டால்தான் பொருந்தும். வெட்டிய மரத்தின் இடத்தில் வேறொரு மரம் வளராவிட்டால், விறகும் நிலக்கரியைப் போன்றதே ஆகிவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மலைக்குச் செல்லும்போது இது நமக்குத் தேவைப்படும்.

இனிக் கரும்பாலைக்குச் செல்வோம். கள்ளக்குறிச்சிக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இரண்டு. ஒன்று மூங்கில்துறைப்பட்டிலும் மற்றொன்று கச்சிராயபாளையத்திலும் அமைந்துள்ளன. இத்தகைய ஆலைகள் தோன்றுவதற்கு முன்னரே சக்கையின் ஆற்றலை நம் உழவர் அறிந்திருந்தனர். வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் விறகு வாங்கி எரிப்பவர் எவருமிலர். பிழிந்த சக்கையை வெயிலில் உலர்த்தி, அதனையே அடுப்பில் இட்டுக் கொப்பரையைக் கொதிக்க வைப்பர். கரும்பு தன் சாற்றைத் தானே காய்ச்சிக்கொள்கிறது என்றால் மிகையாகாது. பெரிய ஆலை செய்வதும் இதுவேதான். ஆனால் அங்கே நெருப்புக்கும் கொப்பரைக்கும் இடையில் ஒரு சுழலி புகுத்தப்பட்டிருக்கிறது.

அந்தச் சுழலியின் வேலையைச் சற்று விளக்கமாகக் காண்போம். சக்கையின் நெருப்பு கொதிகலனில் நீரை ஆவியாக்குகிறது. மிகுந்த அழுத்தமுள்ள அந்நீராவி சுழலியின் தகடுகளின்மீது பாய்ந்து அதனைச் சுழற்றுகிறது. சுழலியோடு இணைந்த மின்னாக்கி மின்சாரம் தருகிறது. வேலை முடிந்து அழுத்தம் குறைந்து வெளிவரும் நீராவியில் இன்னும் வெப்பம் நிறைந்திருக்கும். மற்ற மின்நிலையங்களில் அந்த வெப்பத்தின் பெரும்பகுதி குளிர்நீரில் வீணாகிறது. சர்க்கரை ஆலையிலோ அது சாற்றைக் காய்ச்சச் செல்கிறது. ஒரே நீராவிக்கு இரண்டு வேலை! இதனையே இணைமின் உற்பத்தி என்பர்.

முற்காலத்து ஆலைகளில் கொதிகலனின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 21 கிலோ என்ற அளவில் இருந்தது. ஆலையின் தேவைக்கே மின்சாரம் சரியாக இருக்கும். சக்கை எஞ்சினால் அதைக் கொட்டி வைக்க இடமில்லை. தீப்பிடிக்கும் அச்சம் வேறு. ஆகவே சக்கையைச் சிக்கனமாக எரிக்கவேண்டும் என்ற கவலையே எவருக்கும் எழவில்லை. எஞ்சும் மின்சாரத்தை வாரியம் விலைக்கு வாங்கும் என்ற நிலை ஏற்பட்ட பிறகுதான் சக்கைக்கு மதிப்புப் பிறந்தது. 1990களில் நடுவண் அரசு இணைமின் உற்பத்திக்கு ஊக்கமளித்தது. அதன் பின்னர் 67, 87, 110 கிலோ அழுத்தமுள்ள கொதிகலன்கள் நம் நாட்டு ஆலைகளில் இடம்பெற்றன. அழுத்தம் கூடக்கூட, அதே சக்கையிலிருந்து மிகுதியான மின்சாரம் கிடைக்கிறது.

எவ்வளவு மிகுதி என்று கணக்கிட்டுப் பார்ப்போமா? நாளொன்றுக்கு 2,500 டன் கரும்பு அரைக்கும் ஆலை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு டன் கரும்பில் ஏறத்தாழ 300 கிலோ சக்கை கிடைக்கும். ஆகவே நாள்தோறும் 750 டன் சக்கை சேரும். உயர்ந்த அழுத்தமுள்ள கொதிகலன் இருந்தால், டன் கரும்புக்கு 100 யூனிட் மின்சாரம் எளிதாகப் பெறலாம். அதாவது நாளொன்றுக்கு 2,50,000 யூனிட். இதனை 24 மணியால் வகுத்தால், ஏறத்தாழ 10,000 கிலோவாட் ஆகிறது. அதில் 3,000 கிலோவாட் ஆலையே எடுத்துக்கொண்டாலும், எஞ்சிய 7,000 கிலோவாட் ஊருக்குக் கிடைக்கும். 5 குதிரைத்திறன் உள்ள பம்புசெட் ஒன்றுக்கு ஏறத்தாழ 4 கிலோவாட் வேண்டும். ஆகவே 1,700 கிணறுகளுக்கு மேல் ஒரே வேளையில் இறைக்க அது போதும்.

இவ்வளவும் புதிதாக ஒரு வண்டிச் சக்கைகூட வரவழைக்காமல் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். உழவர் சக்கையைத் தனியே கொண்டுவரவில்லை, கரும்பைக் கொண்டுவந்தார், சக்கை அதனுள்ளேயே ஆலைக்குள் வந்துவிட்டது. சேர்ப்பதற்குக் கூலியில்லை, ஏற்றுவதற்கு லாரியில்லை. தாவர எரிபொருளின் வெற்றிக்கு இதுவே திறவுகோல். முன்னமே வேறொரு காரணத்துக்காக ஓரிடத்தில் குவிந்திருக்கும் கழிவே சிறந்த எரிபொருள்.

நான் பள்ளியில் பணியாற்றிய நாளில் மாணவர்களுக்கு ஒரு சிறு சோதனையைக் கொடுப்பதுண்டு. நீங்களும் செய்து பார்க்கலாம். கரும்புச் சாறு விற்கும் கடையில் அப்போதே பிழிந்த சக்கையைச் சிறிது கேட்டு வாங்குங்கள். அதை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். சில நாள் நல்ல வெயிலில் உலர்த்தி மீண்டும் நிறுங்கள். எடை பெரிதும் குறைந்திருக்கும். ஆலையிலிருந்து வெளிவரும் சக்கையிலேயே பாதி நீர் உள்ளது. ஒரு கிலோ சக்கையை அடுப்பிலிட்டால், அதிலுள்ள அரைக் கிலோ நீரை ஆவியாக்கவே ஏறத்தாழ 300 கிலோகலோரி வெப்பம் செலவாகும். உலர்ந்த விறகு கிலோவுக்கு 4,000 கிலோகலோரி அளவில் வெப்பம் தரும்போது, ஈரச் சக்கை 2,250 அளவில் நிற்பதற்குக் காரணம் இதுவே. எரிபொருளின் எடையைக் கேட்பவன் பாதிதான் கேட்டவன். ஈரத்தையும் கேட்டவனே முழுதும் கேட்டவன்.

கரும்பு மின்சாரத்துக்கு ஒரு குறை உண்டு. ஆலை ஆண்டு முழுவதும் அரைப்பதில்லை. அரவைப் பருவம் முடிந்தால் சக்கையும் முடிந்தது. மொரீசியசுத் தீவினர் இதற்கு ஒரு வழி கண்டனர். நம் தமிழ் மக்கள் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்று கரும்பு பயிரிட்ட தீவு அது. 1957ஆம் ஆண்டிலேயே அங்கே ஓர் ஆலை சக்கை மின்சாரத்தை ஊருக்கு அளிக்கத் தொடங்கியது. பிற்காலத்தில் எழுந்த பெரிய நிலையங்கள் அரவைப் பருவத்தில் சக்கையையும் மற்ற மாதங்களில் நிலக்கரியையும் எரித்தன. சக்கையைக் கொண்டு பெருமை பெற்ற தீவுக்கும் ஆண்டு முழுவதற்கும் அது போதவில்லை என்பதே நாம் இதிலிருந்து கற்கவேண்டுவது.

நம் மாவட்டத்தில் இன்னொரு செல்வம் மரவள்ளிக்கிழங்கு. சமவெளியிலும் கல்வராயன் மலைச் சரிவிலும் அது விளைகிறது. சேலம், ஆத்தூர் வட்டாரத்து ஆலைகள் அதை ஜவ்வரிசியாகவும் மாவாகவும் ஆக்குகின்றன. கிழங்கைக் கழுவி அரைத்துப் பிழியும்போது மிகுதியான கழிவுநீர் சேர்கிறது. மாவு கலந்த அந்நீர் திறந்த குட்டையில் தேங்கினால் புளித்து நாறும். கிணற்று நீரையும் கெடுக்கும். ஆனால் காற்றுப் புகாத தொட்டியில் அதனை அடைத்து வைத்தால், நம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அம்மாவைத் தின்று மீத்தேன் கலந்த வாயுவை வெளிவிடுகின்றன. சாண எரிவாயுக் கலனில் நடப்பதும் இதுவே. அந்த வாயுவைக் கொண்டு ஆலையின் இயந்திரங்களை ஓட்டுவோர் சேலம் வட்டாரத்தில் உள்ளனர். கிழங்கின் திப்பி மாட்டுத் தீவனமாகிறது, நீர் எரிபொருளாகிறது, நாற்றமும் குறைகிறது. இங்கும் கழிவு முன்னமே ஓரிடத்தில் சேர்ந்திருக்கிறது என்பதைப் பாருங்கள்.

இதற்கு மாறாக, எரிபொருளைத் தேடித் தேடிச் சேர்க்கவேண்டிய மின்நிலையம் ஒன்றைக் கருதுவோம். அதன் ஆற்றல் 10,000 கிலோவாட் என்று கொள்வோம். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோகலோரி வெப்பத்துக்குச் சமம். ஆயினும் சிறிய நீராவி நிலையம் எரிபொருளின் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கையே மின்சாரமாக்க வல்லது. ஆகவே யூனிட்டுக்கு 4,300 கிலோகலோரி வேண்டும். கிலோவுக்கு 3,200 கிலோகலோரி தரும் உமியையோ சுள்ளியையோ எரித்தால், யூனிட்டுக்கு ஏறத்தாழ 1⅓ கிலோ செலவாகும். நாளொன்றுக்கு 2,40,000 யூனிட். எரிபொருள் 320 டன். 10 டன் ஏற்றும் லாரிகள் 32 வரவேண்டும். அதாவது இரவும் பகலும் முக்கால் மணிக்கு ஒரு லாரி! பருத்திமாரும் சோளத்தட்டையும் இரும்பைப் போல் கனத்தவையல்ல. 10 டன் ஏற்றும் லாரியில் 4 டன் ஏற்றுவதற்குள் இடம் நிறைந்துவிடும். அப்போது லாரிகளின் எண்ணிக்கை இன்னும் பெருகும். தூரம் கூடக்கூட டீசல் செலவும் கூடும். அந்த டீசலின் புகையையும் நம் கணக்கில் எழுதவேண்டும் அன்றோ?

விலையின் சிக்கலும் உண்டு. வாங்குவார் இல்லாதவரை கழிவுக்கு விலையில்லை. மின்நிலையம் வாங்கத் தொடங்கிய மறுநாளே அது சரக்காகிவிடுகிறது. உமியை அரிசி ஆலைகளே தங்கள் நெல் அவிக்கும் கொதிகலனுக்கு எடுத்துக்கொள்கின்றன. செங்கற் சூளைக்காரரும் கேட்கின்றனர். கரும்புச் சக்கையைக் காகிதம் செய்யவும் வாங்குகின்றனர். 1979இல் நிறுவப்பட்டுக் கரூருக்கு அண்மையில் புகளூர்க் காகிதபுரத்தில் இயங்கிவரும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை, மரத்துக்குப் பதிலாகச் சக்கையையே பெரிதும் நம்பி எழுந்தது. இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் சீமைக்கருவேலை நம்பி மின்நிலையங்கள் அமைத்தபோது, கரிமூட்டம் போடுவோரும் அதே விறகை நாடி நின்றனர்.

சிறிய அளவிலும் இந்தச் சிக்கல் தோன்றியதுண்டு. விறகைக் குறைந்த காற்றில் பாதி எரித்தால் எரியத்தக்க வாயு கிடைக்கும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது, நம் மாநிலத்துப் பேருந்துகள் முதுகில் உலையைச் சுமந்து கரிவாயுவால் ஓடின என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே முறையைத் திருத்தி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 1988இல் கருநாடகத்துத் தும்கூர் மாவட்டத்து ஹொசஹள்ளி என்னும் சிற்றூருக்கு விளக்கேற்றினர். ஊரை ஒட்டி விறகுத்தோட்டம் வளர்த்து, அந்த விறகாலேயே வாயு எடுத்தனர். நம் கோவை மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, 2003இல் 9 கிலோவாட் ஆற்றலுள்ள விறகுவாயுக் கருவி ஒன்றை அமைத்துக் குடிநீர் இறைத்தது. அண்மையில் இருந்த மர அறுவை ஆலைகளின் கழிவுத் துண்டுகளே அதற்கு எரிபொருள். அத்துண்டுகளின் விலை ஏறியபோது ஆதாயம் குறைந்தது. ஊராட்சி மனம் தளராமல் 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைத் தனக்கென நிறுவிக்கொண்டது. காற்றுக்கு விலை சொல்வார் இலர். கருவி நல்லதாயிருந்தாலும் எரிபொருள் நம் கையில் இல்லாவிடில் விளக்கு நம் கையில் இல்லை என்பதை அவ்வூர் நமக்குக் கற்பித்தது.

இனி, நான் முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன மலைக்கு வருவோம். கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே நோக்கினால் நீல நிறமாய்த் தெரிவது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் மரவள்ளியும் பயிரிடுவர்; காட்டில் கடுக்காய் பொறுக்குவர்; அடுப்புக்குச் சுள்ளி சேர்ப்பர். ஜாகிர்தாரர் மூவரின் ஆளுகையில் நெடுங்காலம் இருந்த இம்மலை, 1976இல்தான் அரசின் நேரடிப் பொறுப்புக்கு வந்தது. இவ்வளவு காடு இருக்கிறதே, இதை வெட்டி மின்சாரம் எடுத்தால் என்ன என்று சமவெளியில் இருப்பவர் எவரேனும் கேட்கலாம். பதில் சொல்லுமுன் கணக்கைப் பாருங்கள். மலையில் ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 6 கிலோ விறகு எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் கற்பனை செய்த மின்நிலையம் ஒரே நாளில் விழுங்கும் 320 டன், ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களின் ஒருநாள் அடுப்பு விறகு! மரம் வளரும் வேகத்துக்கும் கொதிகலன் பசிக்கும் வேகத்துக்கும் ஒருநாளும் ஒத்துவராது. வெட்டிய இடம் மொட்டையாகும். நம் கரியமில வாயுக் கணக்கும் பொய்யாகும்.

இதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. கோமுகி ஆறும் மணிமுத்தா ஆறும் பிறப்பது இந்த மலையில்தான். கச்சிராயபாளையத்துக்கு அருகே கட்டப்பட்ட கோமுகி அணை, மலையில் பெய்த மழையைத் தேக்கி வயலுக்கு விடுகிறது. அந்த வயலில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. காட்டு மண் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துச் சிறுகச் சிறுக ஓடையில் விடும். மரம் போனால் நீர் ஒரே நாளில் மண்ணையும் வாரிக்கொண்டு இறங்கும். அணையில் வண்டல் படியும். கோடையில் ஓடை வறளும். அப்போது கரும்பு ஏது? சக்கை ஏது? மலையில் நிற்கும் மரமும் நம் ஊரின் மின்நிலையத்தில் பங்குடையதே. ஆனால் அது வேலை செய்வது எரிந்தன்று, நின்று!

அப்படியாயின் மலைவாழ் மக்களுக்குத் தாவர எரிபொருளால் நன்மையே இல்லையா? உண்டு. மாட்டுச் சாணத்தில் எரிவாயு எடுக்கலாம். கண் எரியும் புகையிலிருந்து தாய்மார்கள் விடுதலை பெறுவர். புகை குறைந்த அடுப்புகளால் விறகை மிச்சப்படுத்தலாம். விளக்குக்குச் சூரியத் தகடு இன்று மலிந்துவிட்டது. அதற்கு எரிபொருள் சுமக்க வேண்டுவதில்லை. எதைச் செய்வதாயினும் அம்மக்களைக் கேட்டே செய்தல் வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டுச் சிறுபொருள்களின்மீது அவர்களுக்குள்ள உரிமையையும் அவர்களது கிராம சபையின் சொல்லையும் ஏற்றுக்கொண்டுள்ளது.

வயலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறவாதீர்கள். கரும்புத் தோகை முழுவதையும் வாரிக் கொதிகலனுக்கு அனுப்பிவிட்டால் மண்ணுக்கு உணவு எது? தோகையை வயலிலேயே பரப்பினால் ஈரம் காக்கும், மக்கி உரமாகும். கழிவு என்று நாம் பெயரிட்டதால் ஒரு பொருள் கழிவாகிவிடாது. அதை எதிர்பார்த்து மண்ணோ மாடோ ஓர் ஏழையின் அடுப்போ காத்திருக்கலாம்.

சூரியத் தகடு இவ்வளவு மலிந்தபின் சக்கை மின்சாரம் எதற்கு என்றும் நீங்கள் கேட்கலாம். தகடு பகலில் உழைப்பது. சக்கையோ நள்ளிரவிலும் நமக்காக எரியும். மேலும், கரும்பு விளைவித்த உழவர் ஆலையிடமிருந்து தம் பணம் வந்து சேரப் பல மாதம் காத்திருக்கும் துன்பம் நீங்கள் அறியாததன்று. சர்க்கரை ஒன்றையே விற்கும் ஆலையைவிட, மின்சாரத்தையும் விற்கும் ஆலைக்கு வருவாய் வழி இரண்டு. அவ்வருவாயில் உழவருக்கும் உரிய பங்கு உரிய காலத்தில் சேர்ந்தால்தான் இத்திட்டம் முழுமை பெறும்.

மாணவர்களே! நாளை உங்களுள் ஒருவர் பொறியாளராகலாம். ஒருவர் ஊராட்சித் தலைவராகலாம். ஒருவர் தம் தந்தையின் கரும்பு வயலையே நடத்தலாம். 'இங்கே தாவரக் கழிவால் மின்சாரம் எடுக்கப் போகிறோம்' என்று எவரேனும் உங்கள் ஊருக்குத் திட்டம் கொண்டுவந்தால், அவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். எரிபொருள் முன்னமே ஓரிடத்தில் சேர்ந்திருக்கிறதா? அதன் ஈரம் எவ்வளவு, வரும் தூரம் எவ்வளவு? ஆண்டின் எல்லா மாதமும் கிடைக்குமா? இன்று அதனை யார் பயன்படுத்துகிறார்கள்? இந்நான்குக்கும் நேரான விடை கிடைத்தால் அத்திட்டத்தை வரவேற்று உழையுங்கள். கிடைக்காவிட்டால், திட்டம் எவ்வளவு பெரிதாயினும் அஞ்சாது மறுத்துரையுங்கள். எந்த நெருப்பை ஏற்றலாம், எதை ஏற்றலாகாது என்று தெரிந்துகொள்வதற்கே நாம் அறிவியல் பயில்கிறோம்.